கதவு தானாகத் திறக்காது

உங்கள் ஸ்டேஷனில் பால் கலக்காத தே ஓ நன்றாகப் போடுகிறார்கள், இன்ஸ்பெக்டர். சீனி அளவாக இருக்கிறது. எங்கள் அணைக் கட்டுப்பாட்டு அறையில் என்னோடு வேலை செய்யும் உஸாமா போட்டுக் கொடுத்தால் எறும்புகள் வந்து வரிசையில் நிற்கும்.

என் பெயர் பத்துமலை. உங்கள் கான்ஸ்டபிள் சிரித்ததைப் பார்த்தேன், பரவாயில்லை, எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்று அம்மா பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாளாம். நான் தங்கினேன், பெயரும் தங்கிவிட்டது. பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டால் பேச்சு சுலபமாக ஆரம்பித்துவிடும். அந்த வகையில் அம்மா எனக்கு உதவிதான் செய்திருக்கிறாள்.

நானாகத்தான் வந்தேன். காலையில் தோசை சாப்பிட்டுப் பசியாறிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. விசாரணைக் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. அதில் கதவு தானாகத் திறந்துகொண்டது என்று போட்டிருக்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பலகை பழசு, இடி இடித்தால் விளக்குகள் தன்பாட்டுக்கு எரிகின்றன, ஆகவே இயந்திரக் கோளாறு என்கிறார்கள். அந்தக் கதவுக்கு இத்தனை வருடங்களாக எண்ணெய் விட்டு, துரு சுரண்டி, அதில் மாட்டிய மரக்கட்டைகளை மழையில் நின்று இழுத்துப் போட்டவன் நான். அது தானாகத் திறக்கிற கதவு இல்லை. அதன் மேல் அப்படி ஒரு பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி, முன்பு ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டங்களையும் தாண்டி மலை ஏறினால் எங்கள் இடம். அங்கே ஓர் அணை, அதன் பின்னால் ஓர் ஏரி. ஏரிக்குச் சொந்தத் தண்ணீர் போதாது. அதனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றைத் தடுப்புச் சுவர் வைத்து மறித்து, மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியாக ஏரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். ஏரித் தண்ணீர் பெரிய குழாயில் இறங்கி மின்சாரம் தரும். அதற்குப் பிறகு சுத்தம் செய்யப்பட்டு வீடுகளுக்குப் போகும். ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை. இந்தத் தே ஓவில் இருக்கும் தண்ணீர்கூட நான் அனுப்பியதாக இருக்கலாம்.

ஆற்றை மேலே எடுத்துக்கொள்வதால் தடுப்புச் சுவருக்குக் கீழே அது அடங்கிப் போய்விடும். பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரியும். ஈப்போவிலிருந்தெல்லாம் சனங்கள் குளிக்க வருவது அந்த இடத்துக்குத்தான். அதைக் கடவுள் கொடுத்த குளம் என்று நினைக்கிறார்கள். நாங்கள் எடுத்ததுபோக மிச்சம் கிடக்கும் தண்ணீர் அது.

எடுத்ததைச் சில நேரம் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். மேல்மலையில் மழை கொட்டினாலோ சுரங்க வாயில் குப்பை அடைத்தாலோ சுரங்கத்தை மூடிவிட்டு, தடுப்புச் சுவரில் இருக்கும் இரும்புக் கதவைத் தூக்குவோம். ஆறு பழையபடி தன் வழியில் இறங்கும். கதவைத் தூக்குமுன் சங்கு ஊத வேண்டும். சங்கு என்றால் மின்சாரச் சங்குதான், பழைய தோட்டங்களில் வேலைக்கு அழைக்க ஊதுவார்களே, அதே சத்தம். மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு ஊதவேண்டும். பிறகுதான் கதவு, அதுவும் முதலில் ஒரு சாண் மட்டும். ஆற்றில் இருப்பவர்கள் கரையேற நேரம் வேண்டும் அல்லவா. இந்த முறையை வகுத்தவர்கள் யோசித்துத்தான் வகுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒருவரும் ஏறமாட்டார்கள்.

நான் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவேன். அது என் வேலையில் சேர்ந்தது இல்லை, இருந்தாலும் போவேன். ஒருமுறை பையன்கள் கூட்டம் ஒன்று பாறையில் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தது.

“தம்பி, மேல ஏறுங்க, தண்ணி வரும்.”

“வரட்டும்ணே, அதுக்குத்தானே வந்திருக்கோம்” என்றான் ஒருவன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பதில்தான்.

மூன்று மொழிகளில் பலகை எழுதி நட்டேன். அதில் ஈரத் துண்டு காயப் போட்டார்கள். சங்கின் சத்தம் காதுக்குப் பழகட்டும் என்று தண்ணீர் திறக்காத நாட்களிலும் ஊதிப் பார்த்தேன். யாராவது ஆழத்துக்குப் போனால் ஊதுவேன், பிள்ளைகள் பாறையில் ஓடினால் ஊதுவேன். அப்படிக் காரணமில்லாமல் ஊதித்தான் சங்கின் மதிப்பைக் கெடுத்தேன் என்று எங்கள் மேலதிகாரி ஒருமுறை சொன்னார். அவருக்கு ஆற்றங்கரைப் பழக்கம் கிடையாது.

இந்த நேரத்தில்தான் தனேஷ் அங்கே வந்தான். என் மனைவி விமலாவின் தம்பி. ஈப்போ பக்கம் சிலிபினில் குடியிருந்தான், தொழிற்சாலை வேலை போய்விட்டது. குளத்தங்கரையில் கடை போடு என்று யோசனை சொன்னதே நான்தான். டயர் மிதவைகள் வாடகைக்குக் கொடுத்தான், கோழி சுட்டு விற்றான். வாயுள்ள பிள்ளை. எந்த இனத்துக்காரர் வந்தாலும் அவர் பாஷையில் நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்துவிடுவான். சங்கு ஊதி யாராவது நிமிர்ந்து பார்த்தால் போதும்.

“பயப்படாதீங்க லா. மேல எங்க மச்சான் இருக்காரு. பசிக்குதுன்னு கூப்பிடுறாரு, அவ்வளவுதான்.”

அப்படிச் சொல்லிவிட்டு உண்மையிலேயே ஒரு பொட்டலத்தில் கோழி தாப்பாவ் செய்துகொண்டு மேலே வந்து என்னிடம் கொடுப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு சங்குச் சத்தத்துக்கு ஆடி ஒரு வீடியோ போட்டான். இடுப்பில் மிதவையை மாட்டிக்கொண்டு, தொப்பியைக் கோணலாக வைத்து, ஒலிபெருக்கியைப் பிடிப்பது மாதிரி கையைக் குவித்து, என்னைப் போலவே நடந்து காட்டினான். நன்றாகத்தான் செய்திருந்தான். பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றியது. சந்தையில் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் வாயால் சங்கு ஊதினார்கள். விமலா அந்தச் சத்தத்தையே தன் போனில் எனக்கு மணியாக வைத்துக்கொண்டாள். நான் கூப்பிட்டால் வீட்டில் சங்கு ஊதும், அவள் சிரித்துக்கொண்டே எடுப்பாள். நானும் சிரித்தேன். குடும்பத்தில் இப்படி ஏதாவது இருந்தால்தான் கலகலப்பாக இருக்கும்.

அது இப்படியே போயிருந்தால் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கேலி ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஒரு நாள் மேலே நல்ல மழை. முறைப்படி மூன்று சங்கு ஊதி, கதவை ஒரு சாண் தூக்கினேன். கீழே யாரோ ஒரு பையன் பாறையிலிருந்து வழுக்கி இழுபட்டுப் போயிருக்கிறான். தனேஷ் குதித்து முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். பையனுக்குச் சிராய்ப்புதான். சாயங்காலம் தனேஷ் ஈரம் காயாமல் மேலே வந்தான்.

“மச்சான், என்னை மன்னிச்சிரு லா. நீ சொன்னது எல்லாம் சரி. நான்தான் வெளாட்டா நெனச்சேன். அந்த வீடியோவ அழிச்சிட்டேன்.”

“அதனால என்னடா” என்றேன்.

“இல்ல மச்சான். இனிமே நான் பாத்துக்கிறேன். சங்கு ஊதுனா ஒருத்தன் தண்ணியில இருக்க மாட்டான்.”

சொன்னபடியே செய்தான். கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கயிறு கட்டினான். வருகிறவர்களை முதலில் உட்கார வைத்து, சங்கு ஊதினால் எப்படி ஏறவேண்டும் என்று ஒத்திகை காட்டினான். புதிதாக ஒரு வீடியோ போட்டான். அதில் ஆட்டம் இல்லை, அழுகை இருந்தது. முதல் வீடியோவைவிட அதை அதிகம் பேர் பார்த்தார்கள். நான் வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியது நடக்கவில்லை, இவன் விசில் அடித்தால் சனம் எழுந்து வரிசையில் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பாரம் குறைந்தது அல்லவா.

சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் வைத்து அவனுக்குப் பொன்னாடை போட்டார்கள். நானும் விமலாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சங்கத்துப் பிரமுகர்கள் வந்ததும் ஒரு பெண் பணிவாக வந்து, “அண்ணே, கொஞ்சம் பின்னால போய் உக்காந்துக்கிறீங்களா” என்று கேட்டாள். போனேன். பின்வரிசையில் காற்றாடி நன்றாகச் சுற்றியது.

மேடையில் ஒருவர் பேசினார். “அந்தச் சங்கு பல வருசமா ஊதிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நம்ம காதுல விழல. விழ வெச்சது இந்தத் தம்பி. எத்தன உயிரக் காப்பாத்தியிருக்காரு.” எல்லோரும் கை தட்டினார்கள். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன். உள்ளங்கை சிவந்து போயிருந்ததை வீட்டுக்குப் போய்த்தான் கவனித்தேன்.

காரில் திரும்பும்போது விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “எங்க அப்பா இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாரு. நம்ம வீட்டுலயும் ஒருத்தன் நாலு பேருக்கு ஒதவுறான், பாத்தீங்களா.”

“பாத்தேன்” என்றேன். வழியில் நிறுத்தி எல்லோருக்கும் குச்சியில் சுட்ட சாத்தே வாங்கினேன். கோபமாக இருப்பவன் சாத்தே வாங்குவானா, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

நல்ல வெயில். மேல்மலையிலும் மேகம் இல்லை. சுரங்க வாயில் சுத்தமாக இருந்தது, இயந்திரம் பூனைக்குட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ததும்ப நின்றது. உஸாமா மத்தியானச் சாப்பாடு தாப்பாவ் செய்யக் கீழே போயிருந்தான். இந்த விஷயத்தில் அவனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலை நேரத்தில் வெளியே போனான் என்று அவனை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். பாவம், நான் கேட்டதால்தான் போனான். மீன் கறி வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

கேமரா திரையில் குளம் தெரிந்தது, அது காட்டும், பதிவு செய்யாது. தனேஷ் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தான். தண்ணீரில் ஒரே ஒரு குடும்பம். கோப்பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக், அவர் மனைவி சுபைதா, மகள் ஷாஹிஸ்தா. பெயர்கள் எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்கு அவர்கள் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு பச்சை முக்காடு, மஞ்சள் நிறப் பள்ளி விளையாட்டுச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண், அவ்வளவுதான்.

சங்கை அழுத்தினேன்.

காரணம் ஒன்றும் இல்லை. எல்லோரும் அவ்வளவு சொல்கிறார்களே, எப்படி ஏறுகிறார்கள் என்று ஒருமுறை கண்ணால் பார்க்கலாம் என்று தோன்றியது.

அருமையாக ஏறினார்கள், இன்ஸ்பெக்டர். உங்களுக்கு அந்தக் காட்சியைக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். தனேஷ் விசிறியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்தான். திரையில் சத்தம் வராது, ஆனாலும் விசில் அடித்தான் என்று தெரிந்தது. மூன்று பேரும் உடனே தண்ணீரை விட்டு வந்தார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்தார்கள். ரசாக் முன்னால் பையோடு, அடுத்து சுபைதா. பெண்ணின் செருப்பு நழுவியது, அவள் குனிந்தாள். தனேஷ் செருப்பு வேண்டாம் என்று கையாட்டி அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். யாரும் பதறவில்லை, யாரும் தள்ளவில்லை. எத்தனையோ வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான்.

அப்போதுதான் யோசித்தேன். இவர்கள் மேலே போய் நின்று பார்ப்பார்கள். தண்ணீர் வராது. சும்மா ஊதியிருக்கிறான் என்று தெரிந்துபோகும். அடுத்த முறை ஒருவரும் ஏறமாட்டார்கள், எல்லாம் பழைய கதையாகிவிடும். சங்கு ஊதிய பிறகு தண்ணீர் வந்தே ஆகவேண்டும். நியாயமாக யோசித்தால் யாருக்கும் இது புரியும்.

சாவியைத் திருப்பிக் கதவைத் தூக்கினேன். ஒரு சாண் இல்லை, முழுக்கத் தூக்கினேன்.

அது எவ்வளவு வழவழப்பாக மேலே போனது தெரியுமா. ஒரு முனகல்கூட இல்லை. இதைத்தான் கோளாறு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் குளத்துக்குப் போய்ச் சேர அரை சிகரெட் நேரம்தான். ரசாக் மேலே போய்விட்டிருந்தார். சுபைதா பாதி வழியில் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், தண்ணீர் அவரது முழங்காலோடு போய்விட்டது. தனேஷ் பாதையின் அடியில் இருந்தான். இரண்டு கையும் பெண்ணைப் பிடித்திருந்ததால் கயிற்றைப் பிடிக்க அவனுக்குக் கை இல்லை. அவளை விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். விடவில்லை. திரையில் முதலில் அடுப்பு போனது, பிறகு மிதவைகள் போயின. பிறகு மஞ்சள் நிறம் ஒருமுறை தெரிந்தது.

அதற்கப்புறம் இரண்டாம் சங்கும் மூன்றாம் சங்கும் ஊதினேன். முறை முறைதானே, பாதியில் விடக்கூடாது. மூன்று சங்கும் கேட்டதாக ரசாக் உங்களிடம் சொல்லியிருப்பார். எது முன், எது பின் என்று அந்த மனிதருக்கு நினைவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

கதவை இறக்கினேன். உஸாமா மீன் கறியோடு வந்தான். சாப்பிட முடியவில்லை, நான் ஒன்றும் கல் இல்லை. இருவரையும் கீழே தோட்டத்துப் பாலத்தடியில் கண்டெடுத்தார்கள். தனேஷுக்குத் தோள் கொடுத்துத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். விமலா இப்போதும் அவன் சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். சாப்பிட மாட்டேன் என்கிறாள், நான்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறேன். நல்ல மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போது ஆற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள். சங்கு ஊதினால் குருவிகூட உட்காராது. போன வாரம் சோதனைக்காக ஊதினோம், கரையில் நின்றவர்கள்கூடக் காரை நோக்கி ஓடினார்கள். இது எத்தனை வருடம் நிற்கும், எத்தனை குடும்பங்கள் பிழைக்கும் என்று நினைத்தால் ஒரு திருப்தி வருகிறது.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள். நான் இவ்வளவு பேசியதில் நீங்கள் கேட்டது அது ஒன்றுதான். “தண்ணி வந்தே ஆகணும்னு நெனச்சீங்க, சரி. அவங்க நாலு பேரும் மேல ஏறுற வரைக்கும் ஏண்ணே காத்திருக்கல?”

நல்ல கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். காத்திருக்கலாம், நேரம் இருந்தது, என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அப்படிக் காத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். நாலு பேரும் மேலே நின்றிருப்பார்கள். கீழே வெள்ளம் போயிருக்கும். அந்தப் பெண் தோளில் உட்கார்ந்தபடியே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பாள். ரசாக் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார், இன்னொரு மண்டபம், இன்னொரு பொன்னாடை. கதவைத் திறந்தவன் நான், சங்கை ஊதியவன் நான், காப்பாற்றியவன் மட்டும் அவன் என்று ஆகியிருக்கும்.

மக்களைக் காப்பாற்றுவது என் வேலை, இன்ஸ்பெக்டர். அவன் வேலை இல்லை.